சந்தனம் பட்ட கண்ணாடி

மேடையேற்றிக் காட்டத்தான் கூப்பிடுகிறார்கள் என்று முன்பே தெரிந்திருந்தால் அர்த்தநாரி திருச்செங்கோட்டில் பஸ்ஸே ஏறியிருக்க மாட்டார். சந்தையில் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைக் காட்டுகிற மாதிரி, அவர் மனைவி பூங்கொடியை நாலு பேர் முன்னால் நிறுத்தி, இந்த அம்மா உயிரோடு நடமாடுவதே நம் டாக்டரால்தான் என்று சொல்லப் போகிறார்களாம். கோயம்புத்தூரில் அந்தக் கல்லூரி வாசலிலேயே அவள் கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிவிட்டார்கள். அதில் 'பயனாளி' என்று போட்டிருந்தது.

"ஏ புள்ள, ரேசன் கடையில நிக்கிற மாதிரி அட்டை மாட்டி உட்டுட்டாங்களே" என்றார் அர்த்தநாரி.

"சும்மா வாங்க. மத்தியானம் சோறு போடறாங்களாமா" என்றாள் பூங்கொடி.

அர்த்தநாரி முப்பது வருசம் போர் வண்டியில் இருந்தவர். ஆழ்துளைக் கிணறு போடுகிற லாரியோடு ஒரிசா, மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான் என்று திரிந்தவர். படிப்பு நாலாம் வகுப்பு. இங்கே தண்ணீர் இருக்கிறது என்று உள்ளங்கையில் தேங்காயை வைத்துச் சொன்னவனையும் அவர் நம்பியதில்லை, கருவி வைத்துச் சொன்னவனையும் நம்பியதில்லை. தண்ணீர் பீறிட்டு மூஞ்சியில் அடித்தால்தான் ஒத்துக்கொள்வார்.

பந்தலுக்கு முன்னால் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். டாக்டர் சுகிர்தா சால்வையோடு சிரித்துக்கொண்டிருந்தார். பணி நிறைவுப் பாராட்டு விழா. படத்துக்குக் கீழே ஆயிரம், லட்சம் என்று எண்கள்.

"இதென்ன கணக்குங் அம்மணி?" என்று அங்கே பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்ணைக் கேட்டார்.

"மேற்கோள்ங்க ஐயா. மேடம் எழுதின கட்டுரையைப் பாத்து உலகத்துல எத்தனை பேர் எழுதியிருக்காங்கங்கற கணக்கு."

"பாத்து எழுதறதுக்கெல்லாம் பேனரா! எங்க வாத்தியாரு முட்டி போட வெப்பாரு."

அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு, இருவரையும் மேடைக்குப் பின்னால் ஓர் அறையில் உட்கார வைத்துவிட்டுப் போனாள்.

பூங்கொடியின் விலாவுக்குக் கீழே, தோலுக்கு அடியில், மொச்சைக்கொட்டை அளவில் ஒன்று இருக்கிறது. கம்பெனி வைத்த பெயர் வாயில் நுழையாது, ஊரெல்லாம் மொச்சை என்றே சொன்னது. உள்ளே உயிருள்ள செல்கள். ரத்தத்தில் சர்க்கரை ஏறினால் மருந்தை விடும், இறங்கினால் நிறுத்தும். அதற்கு முன்னால், சின்ன வயசிலிருந்தே அவளுக்கு ஊசிதான். மத்தியப் பிரதேசத்தில் ஒரு கருங்கல் காட்டில் ஊசி மருந்து தீர்ந்துபோய், உலை வைத்துக்கொண்டிருந்தவள் அடுப்பின் மேலேயே சரிந்ததை அர்த்தநாரி இன்னும் கனவில் காண்கிறார். மொச்சை வைத்த பிறகு அவள் ஒரு தரம்கூட விழவில்லை. அதனால் அவர் அதை நம்பிவிட்டார் என்று அர்த்தமில்லை. இவ்வளவு நாள் விழவில்லை, அவ்வளவுதான்.

கதவு திறந்தது. பட்டுப்புடவையில் டாக்டர் சுகிர்தா உள்ளே வந்தார். பேனரில் இருந்ததைவிட வயசாகித் தெரிந்தார். கதவைச் சாத்தித் தாழ் போட்டார். நல்ல சேதி சொல்ல வருகிறவர்கள் தாழ் போடுவதில்லை.

"பூங்கொடி அம்மா, உங்களைப் பாராட்டு விழாவுக்குன்னு சொல்லிக் கூப்பிட்டது பொய். உங்க முகத்தைப் பாத்து ஒண்ணு சொல்லணும். அதுக்குத்தான்."

"சொல்லுங் டாக்டரம்மா."

"வேர் தெரியுமில்லையா?"

"தெரியாம என்னங்க" என்று அர்த்தநாரி முந்திக்கொண்டார். "என்ற மூட்டுவலி மாத்திரையை ஒரே நாள்ல கடைகடையா நிறுத்துச்சே, அந்த மிசினுதானுங்களே?"

அதுதான். ஒரு காலத்தில் பொய்க் கட்டுரைகளை எழுதி, அதைக் காட்டிச் சிலர் மருந்து விற்றதில் ஜனங்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அதன் பிறகு அரசாங்கம் வேரைக் கொண்டுவந்தது. எந்த மருந்து, எந்தக் கருவி எந்தக் கட்டுரையின் மேல் நிற்கிறது என்பதெல்லாம் வேருக்குத் தெரியும். ஒரு கட்டுரை விழுந்தால் அதன் மேல் நிற்கிற அத்தனையையும் அதுவே நிறுத்திவிடும். யார் கையையும் எதிர்பார்க்காது, யாரும் லஞ்சம் கொடுக்க முடியாது. ஜனங்களுக்கு அது பிடித்திருந்தது.

"மொச்சை என்னோட மொத கட்டுரை மேல நிக்குது" என்றார் சுகிர்தா. "அந்தக் கட்டுரை தப்பு."

"தப்புன்னா?" என்றாள் பூங்கொடி.

"அப்ப நான் படிச்சுக்கிட்டிருந்தேன். செல்லு எவ்வளவு மருந்து விடுதுங்கறதை அது விடற வெளிச்சத்தை வெச்சு அளப்போம். அதுக்கு ஒரு பெட்டி. போன மாசம் அந்தப் பெட்டியை எடைக்குப் போடறாங்கன்னாங்க. கடைசியா ஒரு தரம் பாத்துட்டு வரலாம்னு போனேன். உள்ள வெளிச்சம் வர்ற இடத்துல சின்னக் கண்ணாடி. அதுல மங்கலா ஒரு வட்டம். பஞ்சுல தொடச்சேன், மஞ்சளா வந்துச்சு. மோந்து பாத்தேன். அத்தனை வருசத்துக்கு அப்புறமும் லேசா வாசனை இருந்துச்சு. சந்தனம்."

அர்த்தநாரிக்கு உடனே விளங்கிவிட்டது. "ஆயுத பூசை."

"ஆமா. எல்லாக் கருவிக்கும் சந்தனம், குங்குமம் வெச்சோம். வெளியில வெக்கிறதுதான் வழக்கம். யாரோ ஒருத்தர் பக்தி மிஞ்சிப்போய், மூடியத் திறந்து கண்ணுக்கே வெச்சிட்டாங்க. யாருன்னு தெரியல. அன்னிக்கு நாங்க எல்லாருமே கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டுச் சுத்தினோம். அதுக்கப்புறம் அளந்ததெல்லாம் குறைச்சுக் காட்டியிருக்கு."

"நாங்களும் வண்டி ஹெட்லைட்டுக்கு வெப்பமுங்க. ஆனா ஓட்டறதுக்கு முன்னாடித் தொடச்சுப் போடுவம்."

"அவரு கெடக்கறாரு, நீங்க சொல்லுங்" என்றாள் பூங்கொடி.

"மத்தவங்க யாரும் கண்டுபிடிக்கலையான்னு கேப்பீங்க. எல்லாரும் எங்க அளவை வெச்சுத்தான் அவங்க அளவைச் சரி பண்ணிக்கிட்டாங்க. தப்பான முழக்கோலைக் குடுத்து ஊர் பூரா துணி அளக்கச் சொன்ன மாதிரி. உங்களுக்கு வெச்சப்ப மொத ரெண்டு நாள் கெறக்கமா இருந்திருக்குமே?"

"இருந்துச்சுங். தலையே தூக்க முடியல. பழகப் பழகச் செரியாப் போச்சு."

"மொச்சை உங்க உடம்போட பழகி, தானா அளவைத் திருத்திக்கிச்சு. இப்ப அதுல ஒரு கோளாறும் இல்ல. ஆனா அந்த மொத ரெண்டு நாள் அது அளவுக்கு மீறி மருந்து விடும். பெரியவங்க தாங்கிட்டீங்க." சுகிர்தா நிறுத்தினார். "நாளையிலேர்ந்து பிள்ளைங்களுக்குப் பொருத்தறாங்க. நாடு பூரா. சின்னப் பிள்ளைங்க அந்த ரெண்டு நாளைத் தாங்காது."

"அப்ப அந்த டாக்டருங்ககிட்டச் சொல்லிப் போடறது!" என்றார் அர்த்தநாரி.

"சொன்னேன். வேர்ல கட்டுரை கெட்டியா நிக்குது மேடம், ஓய்வு பெறப் போறோம்னு பதட்டப்படறீங்கன்னாங்க. கம்பெனிக்குச் சொன்னேன். கட்டுரையில இருக்கற அளவை மாத்த எங்களுக்கு அதிகாரம் இல்லேன்னாங்க. வேர் ஆபீசுக்கு எழுதினேன். உங்க மனு வரிசையில இருக்குன்னு பதில் வந்துச்சு. ஒரே வழிதான் இருக்கு. எழுதினவளே கட்டுரையை வாபஸ் வாங்கறது. அப்ப பிள்ளைங்களுக்கு வெக்க மாட்டாங்க."

"அதைச் செய்யறதுக்கு எங்களை எதுக்குக் கூப்பிட்டீங்?" என்றார் அர்த்தநாரி.

"கட்டுரை விழுந்தா, ஏற்கெனவே வெச்சிருக்கற மொச்சையையும் வேர் நிறுத்திடும். திருத்தம்னு ஒண்ணு அதுக்குத் தெரியாது. நிக்குது, இல்லேன்னா விழுந்துடுச்சு. நாங்க கூப்பாடு போட்டு மூணு நாலு நாள்ல திரும்ப ஓட வெப்போம். அதுவரைக்கும் பெரும்பாலானவங்க சமாளிச்சுடுவாங்க. சின்ன வயசுலேர்ந்து இந்த வியாதி இருக்கறவங்களுக்கு ஊசி இல்லாம ஆகாது. ஊசி மருந்தை இப்ப பிள்ளைங்க அளவுக்கு மட்டும்தான் செய்யறாங்க. ஆஸ்பத்திரியில இருக்கறது பத்தாது. சில பேர்..."

அவர் முடிக்கவில்லை. பூங்கொடியைப் பார்த்தார். அந்தச் சில பேரில் ஒருத்தி எதிரே அட்டை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சுகிர்தாவின் கையில் டேப்லெட் இருந்தது. மேஜையின் மேல் கட்டைவிரல் அளவில் ஒரு சாவி. அதைச் செருகி ரேகை வைத்தால்தான் வாபஸ் ஆகும். அர்த்தநாரி எழுந்தார். வயசானவர் என்று சொல்ல முடியாத வேகத்தில் சாவியை எடுத்து வேட்டி மடியில் முடிந்துகொண்டார்.

"ஐயா!"

"ஐயாவுமில்ல கொய்யாவுமில்ல. இத்தன வருசம் தெரியாதது இன்னிக்கு ஏனுங் தெரியோணும்? பேசாம மேடைக்குப் போயிச் சால்வை வாங்கிக்கங்க. நாங்க பஸ் ஏறிக்கறம்."

"பிள்ளைங்க சாகும் ஐயா."

"என்ற பொண்டாட்டியும்தான் சாவா! யாரு பெத்த புள்ளைக்கோ நான் எதுக்குங் இவளைக் குடுக்கோணும்? உங்க சந்தனத்துக்கு என்ற ஊட்ல எழவா?"

சுகிர்தா தலை குனிந்தார். மறுக்கவில்லை. அது அர்த்தநாரிக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. வாதாடுகிறவர்களிடம் சண்டை போடலாம். சும்மா நிற்கிறவரை என்ன செய்வது?

பூங்கொடி கழுத்து அட்டையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஏனுங்க, ஜபல்பூருக்கு அந்தாண்ட ஒருத்தன் காட்டுல குழி போட்டமே, நெனப்பிருக்குதா? தண்ணி வல்லீன்னு கூலி தரமாட்டேனுட்டான். குழியை அப்பிடியே உட்டுட்டுப் போங்கடான்னான்."

"இப்ப எதுக்கு அது?"

"வண்டியில இருந்தவங்க எல்லாருமே கெளம்பலாம்னாங்க. நீங்க என்ன பண்ணுனீங்க?"

அர்த்தநாரி மடி முடிச்சை இன்னும் இறுக்கினார்.

"எனக்குச் சொரம். வண்டிக்குள்ள அனத்திட்டுக் கெடந்தேன். அப்பவும் கல்லும் மண்ணுமாக் கொட்டி, மேல பலகைக்கல்லு வெச்சுட்டுத்தான் வண்டியை எடுக்க உட்டீங்க. எவன் புள்ளையாவது வந்து உழுந்துருமுன்னு. அன்னிக்கு உங்களைத் திட்டுனனா?"

"திட்டுனே. வாய்க்கு வந்தபடி திட்டுனே."

"திட்டுனேன். மூட வேண்டாம்னு சொன்னனா?"

வெளியே யாரோ மைக்கைத் தட்டி, ஹலோ ஹலோ என்றார்கள். அர்த்தநாரி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். போர் வண்டிக்காரர்கள் மூடாமல் விட்டுப்போன குழிகளில் விழுந்த குழந்தைகளைப் பற்றி அவருக்குத் தெரியும். ஒரு தரம் அப்படி விழுந்த பிள்ளையை எடுப்பதற்குப் பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட இவர்களுடைய வண்டியைத்தான் கூப்பிட்டார்கள். எடுத்தார்கள். உயிரோடு இல்லை. அன்றைக்கு அந்தத் தாய் போட்ட சத்தத்தைப் பூங்கொடியிடம்கூட அவர் சொன்னதில்லை.

மடியை அவிழ்த்தார். முடிச்சு இறுகிப்போய் லேசில் வரவில்லை. பூங்கொடியே வந்து அவிழ்த்து, சாவியை எடுத்து டாக்டரிடம் கொடுத்தாள்.

"போடுங்க" என்றார் அர்த்தநாரி. "இவளுக்கு ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பேனரை நானே கிழிப்பேன். அதுக்கப்புறம் உங்களையும்."

"சரி ஐயா" என்றார் சுகிர்தா. சாவியைச் செருகி, கட்டைவிரலை வைத்து அழுத்தினார்.

டேப்லெட்டில் அந்தக் கட்டுரை, அதன் மேல் நிற்பவை என்று வரிசை வரிசையாகப் பெயர்கள், எல்லாம் பச்சை. மேலே இருந்த ஒன்று சிவப்பாயிற்று.

"மூத்ததுலேர்ந்து ஆரம்பிக்கும்" என்று சுகிர்தா மெல்லிய குரலில் சொன்னார். "வயசு வரிசை. மொச்சைக்கு வர இன்னும் கொஞ்சம் நேரம் ஆகும். வெளியில வண்டி நிக்குது. சிவப்பானதும் ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம்."

பூங்கொடி விலாவின் மேல் கையை வைத்துக்கொண்டு, பஸ்ஸுக்குக் காத்திருக்கிற மாதிரி உட்கார்ந்திருந்தாள். வெளியே மேடையில் ஒருவர் கணீரென்று பேசிக்கொண்டிருந்தார். "அம்மையார் அவர்களின் இரண்டாவது கட்டுரை உலகையே திரும்பிப் பார்க்க வைத்தது!" உள்ளே இரண்டாவது கட்டுரை சிவப்பாயிற்று. "அதற்காக அவர் பெற்ற விருது..." அதுவும் போயிற்று. கைத்தட்டல் கேட்டது.

"அந்தாளுக்குச் சேதி போகலையாட்ட இருக்குது" என்றார் அர்த்தநாரி.

சுகிர்தா ஒரு பெயரைத் தொட்டார். "இது என் மொத மாணவன். இந்த ஒரு கட்டுரையை வெச்சுத்தான் அவனுக்கு வேலை கிடைச்சுது. கல்யாணமே அதுக்கப்புறம்தான்." பெயர் சிவந்தது. அடுத்தது சிவந்தது. முப்பத்தைந்து வருச உழைப்பு, மழையில் மண்சுவர் கரைகிற மாதிரி மேலிருந்து கீழாகக் கரைந்துகொண்டு வந்தது. அவர் அழுவார் என்று அர்த்தநாரி எதிர்பார்த்தார். அவர் மூச்சை இழுத்துவிட்டு, "தலைச்சுமையை இறக்கின மாதிரி இருக்கு" என்றார்.

அப்புறம் வரிசை நின்றது.

சுகிர்தா திரையைத் தட்டினார், தேய்த்தார். பச்சையும் இல்லை சிவப்பும் இல்லை, வெறும் சாம்பல் நிறம். அர்த்தநாரி சட்டென்று பூங்கொடியின் தோளைப் பிடித்தார். "புள்ள! என்னமோ பண்ணுதா?"

"பசிக்குது" என்றாள் பூங்கொடி.

சுகிர்தாவின் போன் அடித்தது. எடுத்து, ஸ்பீக்கரைப் போட்டு மேஜையின் மேல் வைத்தார். டெல்லியில் வேர் ஆபீசிலிருந்து பேசுவதாக ஒரு மனிதர் சொன்னார். பேரெல்லாம் சொன்னார், பதட்டத்தில் யாருக்கும் காதில் விழவில்லை.

"மேடம், என்ன மேடம் பண்ணிட்டீங்க? வேர் நின்னு போச்சு!"

"நான் என் கட்டுரையைத்தான் வாபஸ் வாங்கினேன்."

"அதைத்தான் சொல்றேன்! ஒரு செல்லு கெட்டா பக்கத்துச் செல்லுக்கு எப்படிச் சேதி போகுதுன்னு அதுல ஒரு சூத்திரம் எழுதியிருக்கீங்க இல்ல? வேரைக் கட்டினவங்க அதைத்தான் எடுத்துப் போட்டிருக்காங்க. எது விழுந்தா எது விழணும்னு முடிவு பண்ற விதியே அதுதான். நேர்மையா மேற்கோளும் காட்டியிருக்காங்க. மூத்ததுலேர்ந்து ஒவ்வொண்ணா நிறுத்திக்கிட்டு வந்துச்சு, தன்னோட முறை வந்ததும் தன்னையும் நிறுத்திடுச்சு!"

சுகிர்தா போன் பக்கம் குனிந்தார். "மொச்சை?"

"அது வேரைவிட இளையது மேடம். அதுக்கு முறையே வரல. ஓடறதை நிறுத்தணும்னா வேர் நில்லுன்னு சொல்லணும். சொல்ல ஆளில்ல."

"நாளைக்குப் பிள்ளைங்களுக்குப் பொருத்தறது?"

"புதுசு ஓடணும்னா ஓடுன்னு சொல்லணும். அதுக்கும் ஆளில்ல! எல்லா ஊர்லயும் ஒத்திப்போட்டாச்சு. மேடம், தயவுசெஞ்சு கட்டுரையைத் திரும்ப நிக்க வெச்சிடுங்க."

"விழுந்ததைத் தூக்கி நிறுத்த வேர் வேணுமே சார்" என்றார் சுகிர்தா.

மறுமுனையில் போனை வைத்துவிட்டார்.

சுகிர்தா தரையிலேயே உட்கார்ந்துவிட்டார், பட்டுப்புடவை என்றும் பார்க்காமல். தோள் குலுங்கியது. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று அர்த்தநாரிக்கு நிச்சயமாகத் தெரியவில்லை. இரண்டும் கலந்துதான் இருந்தது.

"அந்தக் கட்டுரையை யார் யார் எடுத்துக்கிட்டாங்கன்னு நான் ஒரு நாளும் பாத்ததில்லம்மா" என்றார். "எண்ணிக்கை ஏறுதான்னு மட்டும்தான் பாத்தேன்."

"எந்திரிங்க, புடவை அழுக்காவுது" என்று பூங்கொடி கை கொடுத்தாள்.

அர்த்தநாரி சுவரோரம் சாய்ந்தார். இந்த மாதிரி ஒரு தரம்தான் ஆகியிருக்கிறது. அறுநூறு அடி போயும் புழுதியாகவே வந்துகொண்டிருந்த குழியில், சரி வண்டியை எடு என்று சொன்ன நிமிசத்தில் தண்ணீர் மேலே அடித்தது. அன்றைக்கும் இப்படித்தான் வண்டியில் சாய்ந்துகொண்டு நின்றார்.

விழாவை யாரும் நிறுத்தவில்லை. சமைத்தாகிவிட்டது. சேதி பரவுவதற்குள் சுகிர்தாவுக்கு மூன்று சால்வை விழுந்துவிட்டது. பிறகு மேடையில் குசுகுசுவென்று பேசிக்கொண்டார்கள். தலைமை தாங்கியவர் முகம் கறுத்து, நன்றியுரையே இல்லாமல் எல்லாரும் சாப்பிடப் போகலாம் என்று அறிவித்துவிட்டார். பந்தியில் சுகிர்தாவின் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. ஒரு மணி நேரத்துக்கு முன்னால் காலைத் தொட்டுக் கும்பிட்டவர்கள் இலையைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போனார்கள்.

அர்த்தநாரி எழுந்து போய், "அங்க எதுக்குங் தனியா? இங்க வாங்க" என்று கூட்டிவந்து பூங்கொடிக்கு அந்தப் பக்கம் உட்கார வைத்தார்.

"இனி யாருங் பாப்பாங்க?" என்று கேட்டார். "எது நெசம், எது பொய்யின்னு?"

"மனுசங்கதான். கமிட்டி போட்டு, ஒவ்வொண்ணா எடுத்து, படிச்சுப் பாத்துத்தான் சொல்லணும். சந்தனமெல்லாம் அப்பத்தான் கண்ணுக்குத் தெரியும்."

"கமிட்டியா? அதுக்கு அந்த மிசினே தேவலையாட்ட இருக்குது."

சுகிர்தா சிரித்துவிட்டார். சாம்பார் ஊற்றுகிறவர் திடுக்கிட்டுப் பார்த்தார். "இப்பவாவது என்னை நம்பறீங்களா ஐயா?"

"இல்லீங்க" என்றார் அர்த்தநாரி. "சாப்புடுங்க, ஆறிப்போவுது."

இலையில் மைசூர்பாகு வைத்தார்கள். பூங்கொடி தன்னுடையதை முடித்துவிட்டு, கேட்காமலே அவருடையதையும் எடுத்து வாயில் போட்டுக்கொண்டாள். அர்த்தநாரி சோற்றில் கையை வைத்தபடி அவள் முகத்தையே பார்த்தார். வேர்க்கிறதா, கண் சொருகுகிறதா என்று பார்த்தார். ஒன்றுமில்லை. ரசத்துக்காகக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்ற மூஞ்சியில என்ன எழுதி ஒட்டியிருக்குது?" என்றாள். அவருடைய இடது கையைப் பிடித்து இழுத்து, பந்தி என்றும் பார்க்காமல் தன் விலாவில் வைத்தாள்.

புடவைக்கு அடியில், இனிப்புக்கு மருந்து விடும்போது வருகிற அந்தச் சின்ன அதிர்வு விரலில் தட்டியது. நின்றது. மறுபடியும் தட்டியது.

"ஓடுதா?" என்றாள் பூங்கொடி.

"இப்போதைக்கு ஓடுது" என்றார் அர்த்தநாரி. ரசக்காரர் வந்து நின்று, இரண்டு தரம் கூப்பிட்டும் கையை எடுக்கவில்லை.